லெதர் வாஷரின் இருநூற்றுப் பதினான்காவது பயணம்

அக்டோபர் 6, திங்கள்

இன்று காலை பத்தேகாலுக்கு, பதினெட்டு ரேக்குகளின் சக்கரவர்த்தியும், நான்கு லட்சம் நட்டு போல்ட்டுகளின் காவல் தெய்வமும், கணபதி பம்ப்செட் உதிரிபாகக் குடோனின் முப்பத்தொரு வருஷ ஸ்டோர் கீப்பருமான நாச்சிமுத்து என்கிற என்மீது படையெடுப்பு நடந்தது. எதிரிப் படையின் பலம்: ஒரு பெண், ஒரு லேப்டாப், ஒரு தண்ணீர் பாட்டில்.

பெண்ணின் பெயர் நஸ்ரின். ஊர் வாணியம்பாடி. வயது இருபத்தெட்டு இருக்கலாம். சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பியிருக்கிறது. முதலாளி போனில் சொன்னது இதுதான்: நம்முடைய பழைய ஸ்டாக் சாஃப்ட்வேர் இந்த மாதம் 31ஆம் தேதி மாலை ஐந்து மணியோடு மூடப்படும். புதிதாக வருவதில் ஏஐ ஏஜென்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். இன்ன பேரிங் இருக்கிறதா என்று டீலர் கேட்டால், நாச்சிமுத்துவை எழுப்பாமல் அதுவே பதிவை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடும். அதற்குமுன், அது சொல்வதும் ரேக்கில் இருப்பதும் ஒன்றுதானா என்று நான் எண்ணிச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

"எழுப்பாமல்" என்பது முதலாளியின் சொல். இத்தனை வருஷத்தில் நான் குடோனில் தூங்கியது மொத்தமே நானூறு ஐந்நூறு தடவைதான்.

அந்தப் பெண் என்னை அங்கிள் என்கிறாள். இந்தப் பேட்டை முழுக்க நான் அண்ணா. ஐம்பத்தேழு வயதில் ஒரே சொல்லால் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரேக் ஒன்று முதல் மூன்று வரை எண்ணியாயிற்று. இடுப்பு போய்விட்டது. இமயமலை ஏறுகிறவனுக்குக்கூட இவ்வளவு வலி இருக்காது. அவன் அடித்தட்டுக்குக் குனிவதில்லை.

அக்டோபர் 8, புதன்

ஏஜென்ட் என்றால் என்ன என்று இன்று விளங்கியது. அதற்குக் கண் கிடையாது. குடோனுக்குள் வந்து பார்க்கக் காலும் கிடையாது. அதன் கையில் ஒரு டூல் கொடுத்திருக்கிறார்கள். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள் நஸ்ரின். ஜன்னலில் நின்று குடோன் பெயரும் பார்ட் நம்பரும் எழுதிய சீட்டை நீட்ட வேண்டும். உள்ளிருந்து எண்ணிக்கை, ரேக், பேட்ச் நம்பர், கடைசியாக நகர்ந்த தேதி, குறிப்பு எல்லாம் வரும். குடோன் பெயர் எழுதாமல் நீட்டினால் கோவை மட்டும் வரும். ஒரு நீட்டலுக்கு ஐம்பது வரிதான். மிச்சத்துக்கு அடுத்த பக்கம் என்று மறுபடி நீட்ட வேண்டும். படிக்கலாம், எழுத முடியாது. கேட்காததைத் தானாகச் சொல்லவும் செய்யாது.

இவ்வளவு அடக்கமான பிறவிக்குப் பெயரில்லாமல் இருக்கலாமா? திவான் என்று நாமகரணம் செய்தேன். நஸ்ரின் சிரித்துவிட்டு உண்மையிலேயே திரையில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டாள்.

முதல் சண்டை 6203 பேரிங்கில். திவான் முந்நூற்று நாற்பது என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு முந்நூற்று முப்பத்தெட்டு என்றேன். மயில்சாமி ஏணி போட்டு எண்ணினான். முந்நூற்று முப்பத்தெட்டு. மயில்சாமி என்பவன் இங்கே இருபது வருஷமாகச் சரக்கு ஏற்றி இறக்குகிறவன்; என்னைவிட நான்கு வயது சின்னவன், என்னைவிட நாற்பது மடங்கு வாயாடி. நஸ்ரின் மூக்கில் விரலை வைத்தாள். மயில்சாமி குனிந்து, ஆடாமல் இருக்க என் மேஜைக் காலுக்குக் கீழே நான் 2009இல் வைத்த இரண்டு பேரிங்குகளைக் காட்டிக்கொடுத்தான். துரோகி.

அக்டோபர் 10, வெள்ளி

ரேக் ஏழு முடிந்தது.

டீ குடிக்கும்போது, சும்மா பொது அறிவுக்காக, திவானிடம் தஞ்சாவூர் குடோன் பதிவைக் கேட்டால் வருமா என்று கேட்டேன். தஞ்சாவூர் டிப்போவை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது, அதை யாரும் கேட்பதில்லை, அதனால் பட்டியலிலேயே இல்லை என்றாள் நஸ்ரின். வேண்டுமென்றால் சேர்க்கிறேன், ஏன் அங்கிள் என்றாள்.

ஒன்றுமில்லை, தலையாட்டி பொம்மை ஊராச்சே என்று கேட்டேன் என்றேன். இதைவிடக் கேவலமான பொய்யை நான் சொன்னதில்லை. பொய்யில் எனக்கு ஒரு தரம் உண்டு.

அக்டோபர் 13, திங்கள்

அந்தப் பெண் தஞ்சாவூரைச் சேர்த்துவிட்டாள். கேட்டதைச் செய்கிற தலைமுறை இது, பெரிய தொல்லை.

நான் ரேக் பத்தில் ஏணிமேல் நிற்கும்போது கீழிருந்து கூப்பிட்டாள். "அங்கிள், இந்த லெதர் வாஷர் என்னது? ஒரே ஒரு பீஸ். கோயம்புத்தூருக்கும் தஞ்சாவூருக்குமா இருநூத்திப் பதினாலு தடவ டிரான்ஸ்ஃபர் ஆயிருக்கு. இப்ப இங்கயும் சீரோ, அங்கயும் சீரோ."

ஏணி லேசாக ஆடியது. ஏணிதான்.

தோல் சாமான், ஈரப்பதம் பிடிக்கும், அதனால் தட்பவெப்ப சோதனைக்காக ஊர் ஊராக அனுப்பினோம் என்று விளக்கினேன். உலகில் எந்த வாஷருக்கும் கிடைக்காத மரியாதை. அவள் நம்பினாள் என்றுதான் நினைத்தேன். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "குறிப்புல 'அதிரசம் உதிர்ந்துவிட்டது, பாகு பதம் தவறிவிட்டது'ன்னு இருக்கே, அதுவும் சோதனையா?" என்றாள்.

ரேக் பத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி.

அக்டோபர் 14, செவ்வாய்

இதை எழுதிவைப்பதில் தப்பில்லை. இது அலுவலக விஷயம்.

2013இல் நான் தஞ்சாவூர் டிப்போவுக்கு அனுப்பிய அடிபம்பு வாஷர் நூற்றில் ஒன்று கிழிந்திருந்தது. அங்கே ஸ்டோர் பார்த்தவர் அமிர்தவல்லி. அந்த ஒற்றை வாஷரை எனக்கே திருப்பி டிரான்ஸ்ஃபர் போட்டு, குறிப்பில் எழுதியிருந்தார்: "ஒன்று கிழிசல். அனுப்பியவருக்குக் கண் இல்லையா?" பதில் எழுத வேறு இடமில்லை. அதே வாஷரை மறுபடி அவருக்கே அனுப்பி, "கண் இரண்டு உண்டு. இரண்டும் அன்று லீவு" என்று எழுதினேன். அடுத்த வாரம் அது திரும்பி வந்தது. "விடுப்பு விண்ணப்பம் எங்கே?"

நிஜ வாஷரை முதல் மாதமே மயில்சாமி குப்பையில் போட்டுவிட்டான். பதிவில் இருந்த வாஷர் மட்டும் பதினோரு வருஷம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் அறுபது எழுத்துதான் பிடிக்கும். ஒரு தும்மலைச் சொல்லவே ஆறு பக்கம் எடுக்கிற என்னை, அந்த அம்மாள் அறுபது எழுத்துக்குள் உட்காரவைத்தார். என்ன எழுதினோம்? மழை. பல்வலி. அவர் கணவர் இறந்து எட்டாவது வருஷத் திதி. என் தங்கை மகன் பரீட்சை. தீபாவளிக்கு அதிரசம். போனில் பேசினால் சரக்கு விஷயம் மட்டும்தான். அதுவும் டிப்போ போனில்.

நேரில் ஒரே ஒரு தடவை. ஆறு வருஷத்துக்கு முன், ஆண்டு இருப்பெடுப்புக்காக இரண்டு நாள் தஞ்சாவூர் போயிருந்தேன். சிவப்புப் பேனா, நீலப் பேனா, பச்சைப் பேனா மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தார். அதிகம் பேசவில்லை. நானும்தான். இதை மயில்சாமி இன்றுவரை நம்பவில்லை. கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான். அலுவலக விஷயம்.

அக்டோபர் 15, புதன்

ரேக் பதினெட்டின் மேல்தட்டில், கேஸ்கெட் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு லேடீஸ் குடையை எடுத்து ஆட்டினான் மயில்சாமி. மெரூன் நிறம், மரக் கைப்பிடி.

"ஏனுங்ண்ணா, இது எந்தப் பம்புக்கு மாட்டறதுங்?"

பதிவில் குடை இல்லை. வாஷர் விஷயத்தில் பதிவு இருக்கிறது, பொருள் இல்லை. குடை விஷயத்தில் பொருள் இருக்கிறது, பதிவு இல்லை. நஸ்ரின் எதையும் விட மாட்டாள்; என்ன பெயரில் சேர்க்கட்டும் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள். சேர்க்க வேண்டாம், இன்னொருவருடையது, திருப்பித் தர வேண்டியது என்றேன். எப்போது என்றாள். எடுத்த இடத்திலேயே வை என்று மயில்சாமியிடம் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. 

தஞ்சாவூர் மழைக்கு அமிர்தவல்லி கொடுத்தனுப்பிய அந்தக் குடை தொலைந்துவிட்டது என்றுதான் அவருக்கு எழுதினேன். ஏன் என்று கேட்டால் காரணம் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கும்?

மேற்படி வரியை அடிக்க வேண்டும். பேனாவில் மை குறைவு.

அக்டோபர் 16, வியாழன்

நஸ்ரின் அக்காவுக்குக் கல்யாணம். நாளை ஊருக்குப் போய் 27ஆம் தேதிதான் வருவாள். போகும் முன் ஒன்று சொன்னாள். ஒரு குடோனிலிருந்து கிளம்பி, இன்னொரு குடோன் "பெறப்பட்டது" என்று போடாத சரக்குகள் நடுவில் நின்றுகொண்டிருக்கும். அதில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டவை புதிய சாஃப்ட்வேருக்குப் போகாது. 31ஆம் தேதி எல்லாம் அழிந்துவிடும். ஆட்சேபம் உண்டா?

எனக்கென்ன ஆட்சேபம், அழியட்டும் என்று மகாராஜா மாதிரி கையை அசைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தனிக்கட்டைக்குத் தீபாவளி என்றால் தங்கை வீடு. எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, தொண்டை வரை பலகாரம். தங்கை புருஷன் வெடித்த சரத்தில் பக்கத்துத் தெரு நாய் இந்நேரம் பாலக்காட்டைத் தாண்டியிருக்கும்.

தங்கை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க அதிரசத்தை இரண்டிரண்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று மிஞ்சியது. "ஒத்தப்படையா நின்னு போச்சுண்ணா, இத நீ தின்னுடு" என்று என் தட்டில் வைத்தாள்.

ஒற்றைப்படை.

நூறோடு சேர்த்து அதை முதலில் அனுப்பியவன் நான்; அதுவே பயணம் ஒன்று. அதனால் ஒற்றைப்படைப் பயணம் எல்லாம் என்னுடையது, இரட்டைப்படை எல்லாம் அவருடையது. டிப்போவை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் எழுதினார்: "டிப்போ மூடுகிறார்கள். வாஷருக்கு இனி எந்த ரேக்?" அது இருநூற்றுப் பன்னிரண்டு. எத்தனை தடவை படித்தேன் என்று எண்ண திவானாலும் முடியாது. இரண்டு வாரம் யோசித்தேன். நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி வாய் பேசுகிறவன், கடைசியில் எழுதியது "ஆய்வில் உள்ளது." அது இருநூற்றுப் பதின்மூன்று. பதிவேட்டில் நானே குறித்துவைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண். ஆறு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது. அந்த ஆறு வாரத்தில்தான் தஞ்சாவூர் சரக்கெல்லாம் லாரியில் இங்கே வந்தது. எனக்குப் பதிலாக ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர் ரொம்ப நேர்மையான மனிதராம். பொருளைக் கண்ணால் பார்க்காமல் எதையும் "பெறப்பட்டது" போடமாட்டாராம். நான் திரும்பி வந்து வரவுப் பட்டியலைத் திறந்தேன். முதல் வேலையாக அல்ல. இரண்டாவது வேலையாக. அதில் முப்பது நாள் பதிவுதான் தெரியும். வாஷர் இல்லை. பதில் இல்லை, கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் சொன்ன எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு.

அதிரசத்தைத் தின்னவில்லை. தங்கை என்ன ஆச்சு என்றாள். இனிப்பு அதிகம் என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நஸ்ரினுக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டுச் சத்தம். கேட்க வேண்டியதைக் கேட்காமல், பிரியாணிக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

குடோன் திறந்தது. ரேக் பதினொன்று. மழை.

அக்டோபர் 23, வியாழன்

மறுபடி போன் போட்டேன். அழியட்டும் என்று நான் சொன்னது இன்னும் அழியவில்லையே என்று கேட்டேன். 31 வரை ஒன்றும் ஆகாது அங்கிள், எதுக்கு டென்ஷன் என்றாள். எனக்கென்ன டென்ஷன்? ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸம்மா மட்டும் மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 24, வெள்ளி

ரேக் பன்னிரண்டு, பதின்மூன்று. எண்ணிக்கொண்டே போனால் இருநூற்றுப் பதின்மூன்றுக்கு அப்புறம் நின்றுவிடுகிறேன். மறுபடி ஒன்றிலிருந்து. மயில்சாமி கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "தஞ்சாவூர் அம்மாளுக்கு உங்க மேல கோவம் இருந்திருக்காதுங்ண்ணா" என்றான்.

யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்றேன்.

இருபது வருஷமா இங்கதான இருக்கறேன், வாஷரக் குப்பைல போட்டவனே நாந்தானுங்களே என்றான்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாளை.

அக்டோபர் 27, திங்கள்

நஸ்ரின் வந்தாள். கையில் மருதாணி. அவள் பை வைக்கும் முன்பே, அந்த வாஷரின் கடைசிப் பயணத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கதை எதுவும் கட்டவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே லேப்டாப்பைத் திறந்தாள்.

கோவை என்று கேட்டதற்கு திவான், இருப்பு இல்லை என்றார். தஞ்சாவூர் என்று கேட்டதற்கும் இல்லை. நஸ்ரின் நகத்தைக் கடித்தாள். பிறகு, எந்தெந்தக் குடோன் பெயரெல்லாம் டூலுக்குத் தெரியும் என்று திவானிடமே கேட்டாள். மூன்று பெயர் வந்தது. கோவை. தஞ்சாவூர். மூன்றாவது பெயர்: வழியில்.

நின்றுபோன சரக்குகளை எல்லாம், அவற்றின் குறிப்போடு, பழைய சாஃப்ட்வேர் அந்தப் பெயரில் ஒரு குடோனாகவே வைத்திருக்கிறது. சுவரும் கூரையும் இல்லாத குடோன். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. கேட்காததை அது சொல்லாது.

முதல் பக்கம் ஐம்பது வரி. வாஷர் இல்லை. இரண்டாவது ஐம்பது. இல்லை. மூன்றாவது பக்கத்தில் முப்பத்தொரு வரி; அதில் கடைசிக்கு முந்தியது. நஸ்ரின் படிக்காமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனாள். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

"ஆய்வு முடிந்தது. குறை இல்லை. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

அதன் கீழே திவான் தன் பங்குக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்திருந்தார்: இந்தப் பதிவில் பேட்ச் நம்பர் பத்து இலக்கமாக உள்ளது, மற்ற பதிவுகளில் ஆறு இலக்கம், தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்.

பிழையாம். பச்சைப் பேனாவைப் பச்சை டப்பாவில் வைக்கிற மனுஷி பேட்ச் நம்பரில் பிழை விடுவாரா? ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்கம். பதினோரு வருஷம் நான் கேட்காத நம்பர்.

நஸ்ரின் திரும்பி வரும்போது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கண்ணாடியே கிடையாது. மயில்சாமியுடையதை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

போன் செய்யவில்லை. ரேக் பதினான்கில் அவசர வேலை.

அக்டோபர் 29, புதன்

ரேக் பதினைந்தில் அதைவிட அவசர வேலை. நஸ்ரின் என் மேஜையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தாள். இருநூற்றுப் பதினான்கு குறிப்பும், தேதி வாரியாக. திவானிடம் கேட்டு எடுத்து அச்சிட்டிருக்கிறாள். முதல் பக்கத்தின் மேலே பென்சிலில்: "நான் படிக்கவில்லை அங்கிள். அதிரசம் மட்டும்தான்."

முழுக்கப் படித்தேன். அவர் எழுதியதில் பாதி கேள்வி. நான் எழுதியதில் பாதி ஜோக். எந்தக் கேள்விக்கும் நான் நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

காலை பதினொன்றேகாலுக்கு, குடோன் பின்புறம், லாரி நிற்கிற இடத்தில் நின்று பேசினேன். என்ன பேசுவது என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் வாக்கியமே "தஞ்சைத் தரணியின்" என்று தொடங்கும்.

எடுத்தவர், யாருங்க என்றார். அதே குரல். கோயமுத்தூர் ஸ்டோருங்க என்றேன். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

 அவருக்குப் பின்னால் யாரோ யூரியா மூட்டை விலை கேட்கும் சத்தம். பட்டுக்கோட்டையில் ஒரு உரக்கடையில் ஸ்டாக் பார்க்கிறாராம், பிறகு சொன்னார்.

"ஆய்வு முடிய பதினாலு மாசம் ஆச்சா?"

கண் ஆபரேஷன், ஹெட் ஆபீஸ்காரர், முப்பது நாள் பட்டியல், மூன்றாவது குடோன், மூன்றாவது பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். மிகைப்படுத்தவில்லை. அப்படியே சொன்னால் அது எவ்வளவு சின்னக் கதையாக இருக்கிறது. 

"மொத மூணு மாசம் போனைக் கடையில மேஜை மேலயே வச்சிருப்பேன். கோயமுத்தூர் நம்பர் வந்தா அடிச்ச ஒடனே எடுப்பேன். எல்லாம் லோன் வேணுமான்னு கேக்குறவன். அப்புறம் பையிலயே போட்டுட்டேன்" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்லிடுறேன். நான் இப்ப காத்துக்கிட்டு இல்ல."

சரிங்க என்றேன். எழுதி வைத்திருந்த மூன்று பக்கமும் கையில் ஈரமாகிவிட்டது.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. யூரியாக்காரருக்கு ஏதோ பதில் சொன்னார். மறுபடி வந்தார்.

"என் கொடை நெசமாவே தொலைஞ்சிடுச்சா?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னேன்.

"இல்லீங்க. எங்கிட்டதான் இருக்குதுங்."

"அப்ப கொண்டாந்து குடுங்க. இங்க மழ."

அக்டோபர் 31, வெள்ளி

பதினெட்டு ரேக்கும் முடிந்தது. நாலரை மணிக்கு நஸ்ரின் கேட்டாள்: வாஷரை "பெறப்பட்டது" போட்டால் புதிய சாஃப்ட்வேருக்கு வந்துவிடும், திவானால் எழுத முடியாது, நீங்கள்தான் பட்டனை அழுத்த வேண்டும், இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

கர்சரை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோனேன். எண்ணிக்கை ஒன்று, எந்த ரேக் என்று கேட்டது. அவர் கேட்ட அதே கேள்வி. கையை எடுத்துவிட்டேன். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்றல்லவா எழுதியிருக்கிறது? இங்கே உட்கார்ந்து பெற்றதாகப் போட்டால் அது பொய்ப் பதிவு. முப்பத்தொரு வருஷத்தில் பேரிங் இரண்டைத் தவிர நான் பொய்ப் பதிவு போட்டதில்லை.

ஐந்து மணிக்குத் திரை வெறுமையானது. வாஷர் போயிற்று. மயில்சாமி ஏணி போட்டு, நான் சொல்லாமலே, ரேக் பதினெட்டிலிருந்து குடையை இறக்கி, தூசி தட்டி என் மேஜையில் வைத்தான். நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை.

நஸ்ரின் கிளம்பும்போது, "போயிட்டு வாங்க அங்கிள்" என்றாள். அண்ணா என்று திருத்த நினைத்து விட்டுவிட்டேன்.

நவம்பர் 1, சனி

பட்டுக்கோட்டை பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்குச் சாலை காரணம்.

காலை மயிலாடுதுறை வண்டி. கரூர் தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்தேன். திருச்சி தாண்டும்வரை எப்படித் திரும்புவது என்று யோசித்தேன். தஞ்சாவூரில் இறங்கியதும் மழை. சாதா மழை இல்லை. காவிரி எழுந்து நின்று நடந்து வந்தது. ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை நடந்தேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "சார், கையில கொடைய வச்சிக்கிட்டு ஏன் நனையிறீங்க?" என்றார்.

இது என்னுடையது இல்லைங்க, ஒப்படைக்க வேண்டிய சரக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஒரத்தநாடு தாண்டியாயிற்று. பக்கத்து சீட்டு அம்மாள் என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். என் சட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவர் செருப்பு வரை போய்விட்டது. பாலிதீன் உறையைப் பிரித்துப் பார்த்தேன். குடை காய்ந்தபடியே இருக்கிறது.